சுளுக்குக்கு ஐஸா, வெந்நீரா?

கணுக்கால் பிசகியதும் மூட்டை இணைக்கும் நார்கள் கிழிந்து, நுண்ணிய ரத்தக்குழாய்களிலிருந்து திரவம் கசிகிறது. அதுதான் வீக்கம். ஐஸ் வைத்தால் குழாய்கள் சுருங்கும். நரம்பு மந்தமாகி வலி அடங்கும். துணியில் சுற்றி 15 நிமிடம் போதும். கிரேப் பேண்டேஜ் அழுத்தினால் திரவம் தேங்க இடமிருக்காது. பாதத்திலிருந்து மேல்நோக்கிச் சுற்றுங்கள். விரல்கள் மரத்தாலோ நீலம் பாரித்தாலோ உடனே தளர்த்துங்கள்.

அடிபட்ட அன்றே வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். சூட்டில் குழாய்கள் விரிந்து வீக்கம் கூடும். வீக்கம் வடிந்தபின், விறைப்பைத் தளர்த்த அதே சூடு அருமையாக உதவும்.

1978இல் ஐஸ் வைத்தியத்தைப் பரப்பிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்க்கினே, அது காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று பின்னாளில் கருத்தை மாற்றிக்கொண்டார். அழற்சி வழியாகத்தான் உடல் தன்னைப் பழுதுபார்க்கிறது. அதனால் ஐஸ் முதல் ஓரிரு நாள், வலிக்கு மட்டும். காலை ஊன்றவே முடியவில்லையா? எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.