உங்களுக்குத் தெரியுமா? கரியில் எழும் மனித உருவம்

பினாங்குச் சீனர்களின் பழைய வீடுகளில் மூதாதையர் படங்கள் மாட்டியிருக்கும். சில புகைப்படம் போலவே தோன்றும். கிட்டே போய்ப் பார்த்தால் கரித்தூளில் வரைந்தவை! சிறிய புகைப்படத்தின் மேல் கட்டம் போட்டு, அந்தக் கட்டங்களைத் தாளில் பெரிதாக்கி, நுண்ணிய கரித்தூளைத் தூரிகையால் தேய்த்துத் தேய்த்தே முகத்தைக் கொண்டுவருவார்கள். கன்னத்தின் மேடும் இமையின் பள்ளமும் நிழலாலேயே அமையும். கோடு தேடினாலும் கிடைக்காது. பெரிய படங்களை அச்சிடுவது எளிதானதும் இந்தத் தொழில் அருகிப்போனது. அந்தக் கைகளுக்கு நம் கலை வரலாறு இன்னும் உரிய இடம் தரவில்லை என்றே நினைக்கிறேன்.

சாத்தே சுடும் கரியால் படம் வரையலாமா? பக்கத்துப் பேராக் மாநிலத்தின் கோலா செபத்தாங்கில், பாக்காவ் எனும் சதுப்புநில மரத்தைக் குவிமாடச் சூளையில் அடைத்து வாரக்கணக்கில் வேகவைத்துக் கரியாக்குகிறார்கள். அடுப்புக்கு அது அருமை. தாளில் வைத்தால் கீறும். ஓவியருக்கு வேண்டியது வில்லோ குச்சியிலோ திராட்சைக் கொடியிலோ சுட்டெடுத்த மென்கரி. வரைந்த தோள் சாய்ந்துவிட்டதா? துணியால் தட்டினால் பெரும்பாலும் உதிர்ந்துவிடும், மறுபடி வரையலாம். உடலை வரையப் பழகுகிறவருக்கு இதைவிடப் பொறுமையான ஆசான் இல்லை. ரப்பர் வருமுன் அழிப்பதற்கு ரொட்டித் துண்டுதான்.

உடலை அளக்க மேலை ஓவியர் தலையின் உயரத்தைக் கொள்வார். சராசரி மனிதர் ஏறத்தாழ ஏழரைத் தலை. நம் சிற்பிகளுக்கு முகத்தின் நீளமே அளவு, பெயர் தாளம். ஒரு தாளம் 12 அங்குலம். நவதாள உருவம், அதாவது ஒன்பது தாள உயரம், 108 அங்குலம். இந்த அங்குலம் அந்தந்த உருவத்துக்கே உரிய அளவு, அடிக்கோல் அங்குலம் அன்று. பினாங்கு லிட்டில் இந்தியாவின் மகா மாரியம்மன் கோயிலுக்குப் போனால், கோபுரச் சிலைகளில் முகத்தையும் உடலையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

மனித உருவங்களுக்கே பேர்போன மலேசிய ஓவியர் சையத் தாஜுடீன் 1943இல் ராமநாதபுரம் மாவட்டத்து அழகன்குளத்தில் பிறந்தவர். பினாங்கில் வளர்ந்து, ஓவியம் படிக்கச் சென்னை அரசு கவின்கலைக் கல்லூரிக்கே கடல் கடந்து போனார். 1850இல் பள்ளியாகத் தொடங்கியது அது.

கரி வெயிலில் வெளுக்காது. பிரான்சின் ஷோவே குகையில் 30,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட கரிச் சித்திரங்கள் இன்றும் கறுப்பாகவே இருக்கின்றன. பினாங்கின் ஈரக்காற்றில் கெடுவது தாள்தான்: கண்ணாடிச் சட்டத்துக்குள், கண்ணாடி படத்தைத் தொடாதபடி இடைவெளி விட்டு மாட்டுங்கள்.