உங்களுக்குத் தெரியுமா? காய்ச்சினாலும் போகாத நஞ்சு

பாசி நஞ்சு கலந்த தண்ணீரைக் கொதிக்க வைத்தால் நஞ்சு அழியாது. நீர் ஆவியாக ஆவியாக அதன் செறிவு கூடும்! 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலீடோ நகரில், குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிக்கூடக் குடிக்க வேண்டாம் என்று சுமார் 4 லட்சம் பேருக்கு எச்சரிக்கை வந்தது. கைக்குழந்தைக்குப் பால்பவுடர் கரைக்கவும் பாட்டில் தண்ணீர்தான்.

• காரணம், அந்நகருக்குக் குடிநீர் தரும் ஈரி ஏரியில் பச்சை பெயின்ட் கொட்டியதுபோல் படர்ந்த மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி. அதன் நஞ்சு கல்லீரலைத் தாக்கும்.

• தண்ணீர் 25 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இதற்குக் கொண்டாட்டம். செல்லுக்குள் உள்ள நுண்ணிய காற்றுப் பைகளால் மேலே மிதந்து வந்து வெயிலைப் பிடித்துக்கொள்ளும். மற்ற பாசிகளுக்கு நிழல்தான் மிச்சம்.

• வயலில் இட்ட, இந்தப் பாசிக்கும் தீனியாகும் பாஸ்பரஸ் உரத்தை மாமீ ஆறு ஏரியில் சேர்க்கிறது. வசந்தகால மழை வலுத்தால் உரவரத்தும் கூடும். புவி வெப்பமடைவதால் அங்கே கனமழையும் பெருகிவருகிறது.