ஏழு கணவர், ஒரு காதல்

களவு, கற்பு என்று காதல் வாழ்வை இரண்டாகப் பகுத்தவர் நம் முன்னோர். களவிலே நிகழ்வதை ஊரார் சிலர் அறிந்து தமக்குள் முணுமுணுப்பது அம்பல். பலரும் அறியத் தூற்றுவது அலர். அலர் எழுந்தால் தலைவி அஞ்சுவாள். தோழி தலைவனை நெருக்குவாள். முடிவில் களவு மணமாகக் கனியும். ஊர்வாயும் காதலரைச் சேர்த்துவைக்கும் கருவியாயிற்று.

அலர் எழுந்ததும் தலைவி தன் காதலை விட்டு, வேறொருவரை அவசரமாக மணந்துகொள்ளும் உலகம் ஒன்று உண்டா? உண்டு. அமெரிக்கத் திரையுலகமாகிய ஹாலிவுட் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. அதை எனக்கு உணர்த்திய புதினம் ஒன்றைப் பற்றி இங்கு எழுத விரும்புகிறேன். டெய்லர் ஜென்கின்ஸ் ரீட் என்னும் அமெரிக்கப் பெண் எழுத்தாளர் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘தி செவன் ஹஸ்பண்ட்ஸ் ஆஃப் ஈவ்லின் ஹ்யூகோ’ என்பது அதன் பெயர். ‘ஈவ்லின் ஹ்யூகோவின் ஏழு கணவர்கள்’ எனத் தமிழில் சொல்லலாம்.

கதை

ஈவ்லினுக்கு வயது 79. ஒரு காலத்தில் உலகையே மயக்கிய நடிகை. பல்லாண்டுகள் வாய் திறவாதிருந்தவள், மோனிக் கிராண்ட் என்னும் இளம் பத்திரிகையாளரை அழைத்துத் தன் வரலாற்றைச் சொல்லத் தொடங்குகிறாள். ஏழு கணவரில் யாரை உண்மையாகக் காதலித்தாள் என்பதே ஊரார் கேட்ட கேள்வி. அந்த எழுவரில் ஒருவர் பெயரையே மோனிக்கும் எதிர்பார்க்கிறாள். ஈவ்லின் சொல்வதோ எட்டாவது பெயர்: சீலியா செயின்ட் ஜேம்ஸ். அவளும் ஒரு நடிகை.

ஏழு திருமணங்களும் ஏன் நடந்தன என்று எண்ணிப் பார்த்தால் புதினத்தின் உள்ளுறை விளங்கும். முதல் மணம் நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்பிலிருந்து தப்பி ஹாலிவுட் போய்ச் சேர. இரண்டாவது, காதலாகத் தொடங்கி அடி உதையில் முடிந்தது. மூன்றாவது, சீலியாவோடு தன்னை இணைத்து எழுந்த வதந்தியை அணைக்க. நான்காவது, ஒரு படத்தின் விளம்பரத்துக்காக. ஐந்தாவது கணவன் ஹாரி, அவளுடைய உற்ற நண்பன். அவன் காதலித்ததோ ஓர் ஆடவனை. அந்த ஆடவன் ஊருக்குச் சீலியாவின் கணவன். இரண்டு போலி மணங்களின் நிழலில் இரண்டு உண்மைக் காதல்கள் வாழ்ந்தன. ஆறாமவன் நேசித்தது திரையில் தெரிந்த உருவத்தை. ஏழாமவன் சீலியாவின் உடன்பிறந்தான். தோழியர் இருவரும் ஒரே கூரையின்கீழ் வாழ அந்த உறவு வழிசெய்தது.

ஈவ்லினை ஒரு சொல்லில் அடக்கிவிட மோனிக் முயலும்போது அவள் திருத்துகிறாள். ஆடவரையும் பெண்டிரையும் காதலிக்கக்கூடிய மனம் தன்னுடையது என்கிறாள். பிறர் தனக்குச் சூட்டிய பெயர்களால் சலித்தவள் தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்ளும் இடம் அது.

ஒப்பந்தமும் ஒழுக்கமும்

இவ்வளவும் கற்பனைதானே என்று சிலர் கேட்கலாம். பாத்திரங்கள் கற்பனை; அவர்களைப் பிணித்த சங்கிலி வரலாறு.

அந்நாளில் நட்சத்திரங்கள் ஸ்டுடியோக்களின் சம்பளக்காரர்கள். ஒப்பந்தம் பெரும்பாலும் ஏழாண்டுக்கு. இடையில் வேண்டாமென்றால் நிறுவனம் விலக்கிவிடலாம். நடிகர் விலக முடியாது. மறுத்து வீட்டிலிருந்த நாள்களையும் ஒப்பந்தக் காலத்தோடு கூட்டிக்கொண்டார்கள். ஒலிவியா டி ஹாவிலண்ட் என்னும் நடிகை வழக்காடி 1944இல் பெற்ற தீர்ப்புத்தான் அந்தக் கணக்கை முறித்தது. 1921ஆம் ஆண்டில் யூனிவர்சல் நிறுவனம் ஒப்பந்தத்தில் ஒழுக்க விதி ஒன்றையும் சேர்த்தது. பொதுமக்களின் வெறுப்புக்கு ஆளாகும் நடிகரை அதைக்கொண்டு வேலையிலிருந்து நீக்கலாம். பிறரும் அவ்வழியே சென்றனர்.

திரைக்கு வேறொரு பூட்டு. 1930இல் வகுக்கப்பெற்று, 1934 முதல் கண்டிப்புடன் நடைமுறைக்கு வந்த தணிக்கை நெறிகள், தன்பாலினக் காதலைக் குறிப்பாகக்கூடக் காட்டலாகாது என்றன. 1968இல்தான் அந்நெறிகள் நீங்கின. சட்டமும் அன்று துணைநிற்கவில்லை. ஹாலிவுட் அமைந்த கலிபோர்னியாவில் இத்தகைய உறவு 1976ஆம் ஆண்டு பிறக்கும்வரை தண்டனைக்குரிய குற்றம். ஆக, ஈவ்லினும் சீலியாவும் அஞ்சியது மானக்கேட்டுக்கு மட்டுமன்று. சோற்றுக்கும் சிறைக்கும் அஞ்சினர்.

பெயரும் நிறமும்கூட அவர்களுடையனவாக இல்லை. கியூபாவிலிருந்து குடியேறியோரின் மகளாகிய ஈவ்லின் ஹெரேராவின் முடிக்குப் பொன்னிறம் ஏற்றி, ‘ஹ்யூகோ’ எனப் பெயர் மாற்றுகிறார்கள். 1918இல் பிறந்த மார்கரீட்டா கான்சினோ என்பவர் ரீட்டா ஹேவொர்த் ஆன கதையும் இதுதான். ஸ்பானியச் சாயல் தெரியக்கூடாதென்று முடியின் நிறத்தை மாற்றியதோடு, நெற்றி அகலமாகத் தோன்ற மயிர்க்கால்களை மின்சாரத்தால் நீக்கினர்.

அலரே வணிகமான கதை

லுவெல்லா பார்சன்ஸ், ஹெடா ஹாப்பர் என்னும் இரு பெண் பத்தியாளர்களின் பேனாவுக்கு ஹாலிவுட் நடுங்கியது. 1952இல் தொடங்கிய ‘கான்ஃபிடென்ஷியல்’ இதழ் இரகசியங்களையே சரக்காக்கி இலட்சக்கணக்கில் விற்றது.

அவ்வாறான சூழலில் 1955ஆம் ஆண்டு நடிகர் ராக் ஹட்சன், தம் ஏஜென்டின் செயலாளராயிருந்த பெண்ணை மணந்தார். மூன்றாண்டில் மணமுறிவு. எயிட்ஸ் நோயால் 1985இல் அவர் மறைந்த காலத்தில்தான் உலகம் அவருடைய மறைவு வாழ்வை வெளிப்படையாகப் பேசியது. ஆண் பெண் காதலும் இந்தச் சிறைக்குத் தப்பவில்லை. மணமாகாத லொரெட்டா யங்குக்கும், அப்போது வேறொருத்தியின் கணவராயிருந்த கிளார்க் கேபிளுக்கும் 1935இல் ஒரு பெண் பிறந்தது. தான் பெற்ற மகளைத் தத்தெடுத்ததாகவே அத்தாய் ஊருக்கு அறிவித்தார்.

மறுவழி சென்றவரும் உண்டு. 1930 அளவில் முன்னணி நாயகராயிருந்த வில்லியம் ஹெய்ன்ஸ் தம் துணைவரை விட்டுப் பிரியவில்லை. திரை வாழ்வு சில ஆண்டுகளில் முடிந்தது. வீடுகளின் உள் அலங்காரத் தொழிலில் புகழ்பெற்று, 1973இல் இறக்கும்வரை அத்துணைவருடனே வாழ்ந்தார். ஹெய்ன்ஸ் புகழை விட்டுக் காதலைக் காத்தார். ஈவ்லின் இரண்டையும் காக்க முயன்று, காதலின் நல்லாண்டுகளை இழந்தாள்.

நிறையும் குறையும்

அத்தியாயங்களுக்கிடையே பத்திரிகைத் துணுக்குகளைச் செருகியிருப்பது ஆசிரியரின் நல்ல உத்தி. நடந்ததை ஈவ்லின் வாயால் கேட்கிறோம். ஊர் படித்ததைத் துணுக்கில் பார்க்கிறோம். இரண்டுக்கும் உள்ள தொலைவே அவள் வாழ்ந்த வாழ்வு.

ஈவ்லின் குற்றமற்றவள் அல்லள். பிறரைப் பயன்படுத்துகிறாள், சீலியாவிடமே மறைக்கிறாள். மூன்றாவது மணம் வதந்தியை அணைத்தது; சீலியாவையும் பிரித்தது. அந்தக் கணக்கை ஆசிரியர் மன்னித்து மூடிவிடவில்லை. நிகழ்ச்சிகள் சில இடங்களில் வேகமாக ஓடுவதும், சில கணவர்கள் நிழலாகவே நின்றுவிடுவதும் குறைகள். மோனிக்கை அவள் ஏன் தேர்ந்தெடுத்தாள் என்பதை நான் சொல்லப் போவதில்லை; அதைப் படித்தே அறிய வேண்டும்.

ஊரார் யார்?

படித்து முடித்தபின் என் மனத்தில் நின்ற கேள்வி இதுதான். ஸ்டுடியோ பொய் சொன்னது. பத்திரிகை அதை விற்றது. வாங்கியவர் யார்? டிக்கெட்டுக்கும் இதழுக்கும் காசு கொடுத்தவர்கள். அவர்கள் முகம் சுளிப்பார்கள் என்ற அச்சத்தில்தான் அத்தனை மணமேடைகளும் எழுந்தன. நாயகி ஒருத்தியின் மறைவு வாழ்வை அறிய நாமும் ஆவலோடு பக்கம் புரட்டுகிறோமே, அந்த ஆவலும் பழைய அலருக்கு உறவுதான்.

அமெரிக்க நாடு முழுவதும் தன்பாலினத்தார் மணந்துகொள்ள அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2015இல் வழி திறந்தது. சட்டம் ஒரு நாளில் மாறலாம். ஊர்வாய் மாற நாளாகும். நண்பர்களே, உடன் பயிலும் ஒருவரைப் பற்றி ஒரு பேச்சு நம் காதுக்கு வரும்போது, அதை அடுத்தவர் காதுக்குக் கொண்டுசெல்லாமல் நிறுத்தும் ஆற்றல் நம் ஒவ்வொருவரிடமும் இருக்கிறது. ஈவ்லினின் ஊரில் அப்படிச் சிலர் இருந்திருந்தால் அவளுக்கு ஏழு கணவர் தேவைப்பட்டிருக்க மாட்டார்கள்.