சான்றிதழால் அணையாத தீ

2012 செப்டம்பர் 11 அன்று கராச்சியின் பல்தியா பகுதியில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை எரிந்து 250-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சில வாரங்களுக்கு முன்புதான் அந்த ஆலைக்கு ‘எஸ்ஏ 8000’ என்ற பன்னாட்டுப் பணியிடத் தரச் சான்றிதழ் கிடைத்திருந்தது. தீ வேண்டுமென்றே வைக்கப்பட்டது என்று பிற்பாடு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் சன்னல்களில் கம்பியும் வாசல்களில் பூட்டும் இல்லாதிருந்தால் பலர் பிழைத்திருப்பார்கள். அந்தப் பூட்டு தணிக்கையாளர் கண்ணில் படவில்லை. அல்லது அவர் வந்த அன்று கதவு திறந்திருந்தது. பெருநிறுவனங்களின் பொறுப்பை இருபது, முப்பது ஆண்டுகளாகத் தாங்கி நிற்பது இத்தகைய தணிக்கைதான். பல வேளைகளில் தணிக்கைக் கட்டணத்தைச் செலுத்துவதே ஆலை முதலாளிதான். வரும் தேதி முன்கூட்டியே தெரியும், என்ன பதில் சொல்வது என்று தொழிலாளிக்குச் சொல்லிக்கொடுக்கவும் முடியும். ஆர்டரின் ஒரு பகுதி ஜாப் ஒர்க்காக வேறு பட்டறைக்குப் போய்விட்டால் தணிக்கையாளர் அங்கே எட்டிப் பார்ப்பதேயில்லை.

மாற்றுவழி எது என்பதை வங்கதேசம் காட்டியது. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே சாவரில் ராணா பிளாசா இடிந்து விழுந்து 1,134 பேர் இறந்தனர். முதல் நாளே சுவரில் விரிசல் கண்டு, கீழ்த்தளத்து வங்கி தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. தையல் தொழிலாளர்களோ மறுநாள் காலை உள்ளே போகக் கட்டாயப்படுத்தப்பட்டனர். அடுத்த மாதமே தொழிற்சங்கங்களும் ஆடை நிறுவனங்களும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ‘அக்கார்டு’ உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. சேர்ந்த நிறுவனங்கள் 200-ஐத் தாண்டின. ஆய்வறிக்கைகள் பொதுவில் வைக்கப்பட்டன. ஆபத்து என்றால் வேலைக்குப் போக மறுக்கும் உரிமை தொழிலாளிக்குக் கிடைத்தது. சீரமைக்கப் பணமில்லாத ஆலைக்கு வழி செய்வது வாங்குபவரின் கடமையானது. கடமை தவறியதாகச் சங்கங்கள் தி ஹேக் நடுவர் மன்றத்துக்கு இழுத்த ஒரு நிறுவனம், 2018-ல் 23 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. தரச் சான்றிதழ் எதுவும் ஆர்டர் கொடுத்தவரிடம் இப்படிப் பணம் வசூலித்துத் தந்ததில்லை.

சுற்றுச்சூழலிலும் கணக்கு இதுவே. திருப்பூர் சாயப்பட்டறைக் கழிவு நொய்யலில் கலந்து, பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமானது. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத சுத்திகரிப்பு முறைக்கு ஊர் மாறியது. ஆனால் அந்தச் செலவைச் சுமந்தவர்கள் பெரும்பாலும் பட்டறைக்காரர்களும் அரசுமே. அந்தச் சாயம் ஏறிய சட்டையைக் கடல் தாண்டி விற்றவர் அந்த வழக்கில் பிரதிவாதி அல்லர்.

இதெல்லாம் அரசின் வேலை, வாங்குபவரை ஏன் இழுக்க வேண்டும் என்று கேட்கலாம். அரசுக்குப் பொறுப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரு சட்டைக்கு என்ன விலை, எத்தனை நாளில் கப்பலேற வேண்டும் என்று முடிவு செய்பவர் வாங்குபவர். இரவு வேலையும் குறைகூலியும் அந்த முடிவில்தான் தொடங்குகின்றன. உள்ளூர் ஆய்வாளரின் அதிகாரம் அதுவரை நீளாது. சிறு பட்டறைகள் ஆர்டர் இழக்கும் என்பது இதைவிட வலுவான மறுப்பு. ஜெர்மனி 2023 முதல் பெருநிறுவனங்களுக்கு விநியோகச் சங்கிலிச் சட்டத்தைக் கொண்டுவந்தது போன்ற முயற்சிகளிலும் இந்த ஆபத்து இருக்கிறது: மேலே உள்ளவர் ஒரு படிவத்தை நிரப்பச் சொல்லிப் பொறுப்பைக் கீழே தள்ளிவிடலாம். அதனால்தான் கடமையோடு செலவுப் பங்கும் எழுத்தில் இருக்க வேண்டும். குறை கண்டதும் ஆர்டரை ரத்து செய்து நழுவ முடியாதபடி தடையும் வேண்டும்.

பெண்கள் தலைமையிலான ஒரு தமிழ்நாட்டுத் தொழிற்சங்கம் 2022-ல் பெற்ற திண்டுக்கல் ஒப்பந்தம் இந்தத் திசையில் நடந்தது. ஆலையில் பாலியல் துன்புறுத்தலைக் கவனித்துப் புகார் சொல்லத் தொழிலாளர்களே பயிற்சி பெற்றார்கள். வாங்கும் நிறுவனங்களும் அதில் கையெழுத்திட்டுக் கட்டுப்பட்டன. வருடத்துக்கு ஒருநாள் வந்துபோகும் தணிக்கையாளருக்குத் தெரியாத பூட்டு, தினமும் அந்தக் கதவைக் கடப்பவளுக்குத் தெரியும். அவள் சொன்னால் வாங்குபவர் கேட்டே ஆக வேண்டும் என்ற விதி, விலையும் தேதியும் எழுதுகிற அதே ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும்.