பின்பக்கத்து அபிப்பிராயங்கள்



சென்ற ஷஃபான் மாதத்தில் ஒருநாள், அஸர் தொழுகைக்குப் பின் மதரஸாவைப் பூட்டிக்கொண்டு புறப்படும் வேளையில், ஓர் அம்மையார் தம் மகளுடன் வாயிலில் நின்றிருந்தார். அந்தப் பெண் சிறுவயதில் என்னிடம் ஓதியவள். இப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவள் கையில் அட்டை போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று இருந்தது.

"ஹஜ்ரத், இவள் கதை எழுதுகிறாள். இவளுடைய வாப்பாவுக்குப் பிடிக்கவில்லை. ஹஜ்ரத்திடம் கொண்டுபோய்க் காட்டு, அவர்கள் கூடாது என்றால் இன்றோடு நிறுத்திவிடு என்று சொல்லிவிட்டார்கள். நீங்கள்தான் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்" என்றார் அந்தத் தாய். பெண் எதுவும் பேசவில்லை. நோட்டை நீட்டினாள், வாங்கிக்கொண்டேன்.

ஐந்து சிறுகதைகள். ஐந்தும் காதற் கதைகள். ஐந்தும் நிக்காஹில் முடிகின்றன. என்னை நிறுத்தியது கதைகள் அல்ல. நோட்டின் பின்பக்கங்களில் பென்சிலால் கோடிட்டு, ஒரு பக்கம் பெயர், மறுபக்கம் 'அபிப்பிராயம்' என்று எழுதி, படித்தவர்கள் சொன்னதையெல்லாம் அப்படியே பதிந்து வைத்திருந்தாள். தோழி ஒருத்தி: "அழுதுவிட்டேன்." ராத்தா: "முடிவு தெரிந்ததுதானே." கண் தெரியாததால் பிறர் வாசிக்கக் கேட்ட நன்னி: "அந்தப் பையனுக்கு உம்மா இல்லையா? ஓரிடத்திலும் காணோமே." இப்படிப் பன்னிரண்டு பேர். புகழ்ந்தவர்களும் உண்டு, முகத்தில் அடித்தாற்போல் சொன்னவர்களும் உண்டு. ஒன்றையும் அவள் அடிக்கவுமில்லை, திருத்தவுமில்லை.

இதைக் கண்டதும் எனக்கு வேறொரு பெண்மணியின் கைப்பிரதி நினைவுக்கு வந்தது. பட்டப்படிப்பில் ஆங்கில இலக்கியம் படித்த நாட்களில் அறிந்தது அது. உங்கள் வீட்டிலும் எழுதுகிற பிள்ளை ஒன்று இருக்கக்கூடும். ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் மாவட்டத்து ஸ்டீவன்டன் என்னும் சிற்றூரில் 1775ஆம் ஆண்டு பிறந்தவர் ஜேன் ஆஸ்டன். தந்தை அவ்வூர்த் தேவாலயத்தின் பாதிரியார். ஆறு சகோதரர்கள், ஒரே சகோதரி. ஜேன் மணமுடிக்கவில்லை. 41 வயதில், 1817இல் மறைந்தார். அதற்குள் அவர் எழுதிய நாவல்கள் இன்றும் உலகெங்கும் படிக்கப்படுகின்றன. எல்லாமே காதற்கதைகள், எல்லாமே திருமணத்தில் முடிபவை. ஆனால் அந்தக் காதலுக்கு அடியில் மாப்பிள்ளையின் ஆண்டு வருமானம் என்ன, பெண்ணுக்குக் கிடைக்கும் சொத்து என்ன என்ற கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். 'பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் ஒரு தகப்பனுக்கு ஐந்து பெண்மக்கள், ஆண்மகன் இல்லை. அந்நாட்டு ஏற்பாட்டின்படி நிலமும் வீடும் தூரத்து ஆண் உறவினர் ஒருவருக்குப் போய்விடும். கதையின் தவிப்பு முழுவதும் அங்கிருந்துதான் பிறக்கிறது. ஷரீஅத் சட்டப்படி அப்பெண்மக்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு உரியது என்பதை நாம் அறிவோம். நம் வீடுகளில் அதை ஒழுங்காகக் கொடுக்கிறோமா என்பது வேறு கேள்வி. இன்று அதற்குள் போகவில்லை.

அவருடைய முதல் நாவல் 1811இல் வெளிவந்தபோது ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஒரு பெண்மணி' என்று மட்டுமே அச்சிடப்பட்டிருந்தது. அடுத்தடுத்த நூல்களிலும் 'இன்ன நூலின் ஆசிரியர்' என்றுதான் போட்டார்கள். உயிரோடிருந்த காலத்தில் அவர் பெயர் ஒரு நூலின் முகப்பிலும் ஏறவில்லை. இதனால் ஒரு விந்தை நிகழ்ந்தது. 1813 ஜனவரியில் 'பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்' அச்சாகி வீட்டுக்கு வந்த அன்று, பக்கத்திலிருந்த மிஸ் பென் என்ற ஏழைப் பெண்மணி விருந்துக்கு வந்திருந்தார். தாயும் மகளும் அவருக்குப் புத்தகத்தை வாசித்துக் காட்டினார்கள். எழுதியவர் எதிரிலேயே இருக்கிறார் என்று அறியாமல் அவர் கதையை மனமார ரசித்தார். சில நாட்கள் கழித்துத் தம் சகோதரிக்கு எழுதிய கடிதத்தில் ஜேன் குறைப்பட்டுக்கொண்ட விஷயம் வேறு: அம்மா மிக வேகமாக வாசிக்கிறார், பாத்திரங்கள் எப்படிப் பேச வேண்டுமோ அப்படி அவருக்குப் பேச வரவில்லை! எழுதுகிறவர்களின் வேதனைகள் எத்தனை வகை பாருங்கள்.

1814 மே மாதம் 'மான்ஸ்பீல்ட் பார்க்' வெளிவந்தது. பதிப்பு ஆறே மாதத்தில் விற்றுத் தீர்ந்தது. ஆயினும் அன்றைய பத்திரிகைகளில் ஒன்றுகூட அதற்கு மதிப்புரை எழுதவில்லை. புத்தகம் விற்கிறது, எவரும் எதுவும் சொல்லவில்லை என்றால் எழுதியவருக்கு எப்படியிருக்கும்? அந்த மௌனத்தை ஜேன் தாமே நிரப்பிக்கொண்டார் என்று நான் எண்ணுகிறேன். குடும்பத்தார், அண்டை வீட்டார், நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள் என்று யார் யார் என்ன சொன்னார்களோ அதையெல்லாம் தம் கையாலேயே ஒரு தாளில் வரிசையாக எழுதிவைத்தார். 1815 டிசம்பரில் 'எம்மா' வந்தபோது அதற்கும் அவ்வாறே செய்தார். அத்தாள்கள் இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

அதில் என்ன இருக்கிறது? சிலவற்றைச் சொல்கிறேன். பெற்ற தாய்க்கே 'மான்ஸ்பீல்ட் பார்க்' முந்தைய நூலைப்போல் பிடிக்கவில்லை. கதாநாயகி ஃபேனி சப்பென்று இருக்கிறாள் என்று அவருக்குப்பட்டது. ஆனால் வீட்டில் எல்லோரையும் அதிகாரம் செய்யும் நாரிஸ் பெரியம்மாவை மிகவும் ரசித்தார். சகோதரி கஸாண்ட்ராவுக்கோ அதே ஃபேனிமீது கொள்ளைப் பிரியம். அண்ணன் மகளுக்கு முடிவு போதவில்லை. நாயகனுக்கும் நாயகிக்கும் இடையில் இன்னும் கொஞ்சம் காதல் வேண்டுமாம். பிரம்ஸ்டன் என்ற அம்மையாரின் தீர்ப்பு இன்னும் பலம். முதல் இரு நாவல்களையும் அவர் வெறும் பிதற்றல் என்றே கருதினார். இதுவாவது பிடிக்குமென்று எடுத்து, முதல் பாகத்தை முடித்தவுடன், கஷ்டமான பகுதியைக் கடந்துவிட்டோம் என்று தம்மைத் தாமே தேற்றிக்கொண்டாராம்.

'எம்மா'வுக்கு வந்தவையும் சளைத்தவை அல்ல. கப்பற்படையில் இருந்த தம்பி சார்லஸ், கடற்பயணத்தின்போது அதை மூன்று முறை படித்ததாக எழுதினார். 'எடின்பரோ ரெவ்யூ' இதழின் ஆசிரியர் ஜெஃப்ரியை அந்நூல் மூன்று இரவுகள் உறங்கவிடவில்லை என்ற செய்தியும் வந்து சேர்ந்தது. இவற்றுக்குப் பக்கத்திலேயே, கதை மிகவும் இயல்பாக இருப்பதால் சுவாரஸ்யமாக இல்லை என்ற ஓர் அம்மையாரின் குறை இருக்கிறது. ஃபௌல் என்பவர் முதல் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் மட்டுமே படித்தார். நூல் சுவாரஸ்யமாக இராது என்று அவர் காதில் விழுந்திருந்ததாம். ஆசிரியரைத் தெரிந்திருக்காவிட்டால் படித்தே முடித்திருக்க மாட்டேன் என்றார் அண்டை வீட்டு டிக்வீடு அம்மையார். ஷெரர் என்ற பாதிரியாருக்கு, பாதிரிமார்களைச் சித்திரித்த விதத்தில் மனத்தாங்கல். பாதிரியார் மகளே எழுதிய கதைக்கு இப்படி ஒரு புகார்! வேறொரு பெண், கதையில் வரும் வாயாடி அம்மையாரையும் அவர் தாயையும் தனக்குத் தெரிந்த இன்னாரைப் பார்த்தே எழுதியது என்று சாதித்தாள். அங்கு மட்டும் ஜேன் ஒரு குறிப்புச் சேர்த்திருக்கிறார்: அப்படிப்பட்டவர்களைப்பற்றித் தாம் கேள்விப்பட்டதே இல்லை என்று.

மற்றபடி அவர் எவருக்கும் மறுமொழி எழுதவில்லை. என்னைக் கவர்ந்தது இதுதான். நம்மவர்கள் நூல் வெளியிட்டால் முகப்பில் நான்கு வாழ்த்துரை, அணிந்துரை. அந்தக் காலத்தில் சாற்றுகவி. வெளியீட்டு விழா மேடையில் ஏறியவர் எல்லாம் ஆசிரியரைப் பாரதிக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுத்தான் இறங்குவார். நானும் அப்படிப் பேசியிருக்கிறேன், நூலைப் பாதிகூடப் படிக்காமல். ஜேன் அம்மையாரின் தாளில் புகழுரையும் இகழுரையும் ஒரே மையில், ஒரே அளவில் கிடக்கின்றன.

அதற்காக, சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார் என்று நினைத்துவிடாதீர்கள். பட்டத்து இளவரசருக்கு அவர் நூல்கள் பிடிக்கும். அவருடைய நூலகர் கிளார்க், 1815 நவம்பரில் அரண்மனை நூலகத்தைச் சுற்றிக்காட்டி, அடுத்த நூலை இளவரசருக்குக் காணிக்கையாக்கலாம் என்று அனுமதியளித்தார். 'எம்மா' அவ்வாறே வெளிவந்தது. அத்துடன் அவர் விடவில்லை. தம்மைப்போன்ற ஒரு பாதிரியாரை வைத்துக் கதை எழுதுங்கள் என்றார். பிறகு, அரச குடும்பத்தோடு சம்பந்தம் செய்யவிருந்த கோபர்க் வமிசத்தைப்பற்றி ஒரு சரித்திர நாவல் எழுதலாமே என்றார். எழுதியிருந்தால் அரண்மனையின் தயவு கிடைத்திருக்கும். ஜேன் பணிவாக, ஆனால் தெளிவாக மறுத்தார். உயிர் பிழைக்க வேறு வழியே இல்லையென்றாலொழிய அப்படிப்பட்ட கதைக்குத் தம்மால் உட்கார முடியாது. தம் வழியிலேயே போகிறேன் என்பது அந்தப் பதிலின் சாரம்.

பிறகு ஒரு வேடிக்கை செய்தார். ஆளாளுக்குச் சொன்ன யோசனைகளை ஒன்றுவிடாமல் சேர்த்தால் நாவல் எப்படி வரும் என்று ஒரு திட்டம் எழுதினார். குற்றமே இல்லாத கதாநாயகி, குறையே இல்லாத நாயகன்; நாயகியும் தகப்பனாரும் ஐரோப்பா முழுவதும் துரத்தப்பட்டு, கடைசியில் ரஷ்யாவின் கிழக்குப் பகுதியிலுள்ள கம்சட்காவுக்கே போய்ச் சேர்ந்து, அங்கே தகப்பனார் உயிர்விடுகிறார்! எந்த யோசனை யார் சொன்னது என்று ஓரத்தில் பெயர் வேறு. வீட்டுக்குள் சிரித்துக்கொள்ள எழுதியது அது.

'எம்மா'வைப்பற்றி வால்டர் ஸ்காட் பெயர் போடாமல் எழுதிய நீண்ட மதிப்புரை 'குவார்ட்டர்லி ரெவ்யூ'வில் வந்தபோதும், ஜேன் பதிப்பாளருக்கு எழுதியது ஒரே குறை: முந்தைய 'மான்ஸ்பீல்ட் பார்க்'கை அடியோடு விட்டுவிட்டார்களே என்பது. எவரும் மதிப்புரை எழுதாத அந்தப் பிள்ளையை அவர் மறக்கவில்லை.

இவை சீமையில் நடந்தவை என்று ஒதுக்க வேண்டாம். 1917இல் நாகூரில் பிறந்து, மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளி செல்லாத சித்தி ஜுனைதா பேகம், 1938இல் 'காதலா கடமையா' என்ற நாவலைத் தம் பெயரிலேயே வெளியிட்டார். அதற்கு முன்னுரை தந்தவர் உ.வே. சாமிநாத ஐயர். முஸ்லிம் வீட்டின் அடுப்பங்கரைக்கும் மௌலூது ஓசைக்கும் நடுவே அது எழுதப்பட்டபோது, அவர் வீட்டிலும் தெருவிலும் யார் என்ன சொன்னார்களோ! அவற்றை எவரேனும் ஒரு நோட்டில் பதிந்து வைத்திருந்தால் நமக்கு எவ்வளவு பெரிய செல்வமாயிருக்கும்.

இப்போது என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இதேபோல் வேறொரு மாணவி ஒரு நோட்டைக் கொண்டுவந்தாள். மேலட்டையில் 'கதைகள்' என்ற சொல்லைப் பார்த்தவுடனேயே, "இது எதற்கம்மா, ஓதுகிற வேலையைப் பார்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவள் அதன்பின் எழுதவில்லை என்று பின்னாளில் அறிந்தேன். அவள் என்ன எழுதியிருந்தாள் என்று யாரேனும் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஃபௌல் என்ற மனிதராவது இரண்டு அத்தியாயம் படித்தார்.

ஆகவே இந்த முறை ஐந்து கதைகளையும் முழுதாகப் படித்தேன், சிலவற்றை இருமுறை. பதின்மூன்றாவது பெயராக என் பெயரை எழுதி, கீழே எழுதினேன்: "ஒழுக்கத்துக்கு மாறாக ஒன்றும் இல்லை. இரண்டாம் கதையில் நிக்காஹ் மிக விரைவில் முடிகிறது. பெண்ணிடம் சம்மதம் கேட்கும் காட்சியை விட்டுவிட்டாய், அதை எழுது. நான்காம் கதையில் வரும் மூதாட்டிதான் ஐந்து கதைகளிலும் உயிரோடு இருப்பவர். நன்னி சொன்னது நியாயம். பையனுக்கு ஓர் உம்மா வேண்டும்."

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அவளுடைய வாப்பா என்னிடம் வந்தார். அரிசி மண்டி வைத்திருப்பவர்; அதிகம் பேசாதவர்.

"என்ன ஹஜ்ரத், கூடும் என்று எழுதிவிட்டீர்களாமே?"

"நீங்கள் படித்தீர்களா பாய்?"

"எனக்கு எங்கே நேரம்?"

"பதினான்காவது வரி காலியாக இருக்கிறது" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ரமளானுக்கு இரண்டு நாள் முன்பு, அந்தப் பெண் நோட்டை மறுபடியும் கொண்டுவந்து காட்டினாள். பதினான்காவது வரியில், கணக்குப் பேரேட்டில் எழுதுகிற அழுத்தமான கையெழுத்தில் இருந்தது: "மூன்றாம் கதையில் அரிசி மூட்டை 75 கிலோ என்று போட்டிருக்கிறாய். நம் மண்டிக்கு இப்போது அப்படி மூட்டை வருவதில்லை. மாற்றவும்."