உங்களுக்குத் தெரியுமா? உங்கள் அந்தரங்கம் உங்கள் கையில் மட்டும் இல்லை

★ வெறும் 335 பேர் செய்த காரியத்தால் 5,62,455 இந்தியர்களின் விவரங்கள் கைமாறியிருக்கலாம் என்று 2018 ஏப்ரலில் ஃபேஸ்புக் நிறுவனமே சொன்னது. அந்த 335 பேரும் 'திஸ் இஸ் யுவர் டிஜிட்டல் லைஃப்' என்ற ஆளுமைத் தேர்வுச் செயலியைத் தங்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். மற்றவர்கள் அந்தச் செயலியைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. சேர்த்தவர்களின் நண்பர் பட்டியலில் இருந்தார்கள், அவ்வளவுதான். உலகம் முழுக்க இப்படி 8 கோடியே 70 லட்சம் பேர் வரை சிக்கியிருக்கலாம் என்பது அந்த நிறுவனத்தின் கணக்கு. விவரங்கள் போய்ச் சேர்ந்த இடம், கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனம். அதற்கு அடுத்த ஆண்டு அமெரிக்காவில் ஃபேஸ்புக்குக்கு 500 கோடி டாலர் அபராதம் விழுந்தது.

'போன ஜென்மத்தில் நீங்கள் யார்?', 'உங்கள் முகம் எந்த நடிகரின் சாயல்?' என்று கேட்கும் விளையாட்டுகள் இன்றும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. தட்டும் விரல் நம்முடையது. வெளியே போவது யாருடைய விவரம் என்பதைத் தட்டுவதற்கு முன் யோசிக்க வேண்டும்.

★ கடன் செயலிகள் செய்த கொடுமை இதைவிட நேரடியானது. செயலியை நிறுவும்போது 'காண்டாக்ட்ஸைப் பார்க்க அனுமதி' என்று கேட்கும். அவசரத்தில் இருப்பவர் கொடுத்துவிடுவார். தவணை ஒரு நாள் தள்ளினால் போதும், அவருடைய மாமனாருக்கும் மேலதிகாரிக்கும் பிள்ளையின் டீச்சருக்கும் போன் போகும். வெட்டி ஒட்டிய ஆபாசப் படங்கள் போகும். உயிரை விட்டவர்கள் உண்டு. ரிசர்வ் வங்கி 2022-ல் கொண்டுவந்த டிஜிட்டல் கடன் நெறிமுறைகள், கடன் செயலிகள் தொடர்பு எண்களையும் அழைப்புப் பட்டியலையும் தொடக் கூடாது என்றன. 2023 மே 31 முதல் கூகுள் ப்ளே ஸ்டோரும் தனிநபர் கடன் செயலிகளுக்கு இதே தடையை விதித்தது. ஆனால் ப்ளே ஸ்டோருக்கு வெளியே, வாட்ஸ்அப்பில் வரும் லிங்கைத் தட்டி நிறுவும் செயலியை இந்தத் தடையால் தடுக்க முடியாது.

★ 'என்னைத் தனியே இருக்க விடு' என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு என உச்ச நீதிமன்றம் விரிவாக எழுதிய முக்கியத் தீர்ப்புகளில் ஒன்றுக்குக் காரணம் ஒரு தமிழ்ப் பத்திரிகை. தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய வாழ்க்கைக் கதையை வெளியிட நக்கீரன் முன்வந்தது. சிறைத் துறை எதிர்த்தது. வழக்கு டில்லிக்குப் போனது. 1994 அக்டோபரில் வந்த தீர்ப்பு, பொது ஆவணங்களில் உள்ளதை யார் அனுமதியும் இன்றி வெளியிடலாம், அரசு முன்கூட்டித் தடுக்க முடியாது என்று பத்திரிகைக்குச் சாதகமாகச் சொன்னது. கூடவே இன்னொன்றும் சொன்னது: குடும்பம், திருமணம், தாய்மை, பிள்ளைகளின் கல்வி போன்றவற்றை ஒருவருடைய சம்மதம் இல்லாமல் யாரும் வெளியிட முடியாது; அது நல்லதாக இருந்தாலும் சரி, கெட்டதாக இருந்தாலும் சரி. ஒவ்வொருவர் கையிலும் ஒரு பத்திரிகை இருக்கும் காலம் வரும் என்று அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

★ அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்ன நாள் 2017 ஆகஸ்ட் 24. இந்தத் தீர்ப்புக்கு வழிவகுத்த வழக்கை ஆதாரை எதிர்த்து 2012-ல் போட்டவர், கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி.

★ ஜெராக்ஸ் கடையில் நடப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? 'இந்த நம்பருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க' என்று கண்ணாடியில் ஒட்டிய எண்ணைக் காட்டுவார்கள். ஆதார், பான், பாஸ்புக் முதல் பக்கம், பிள்ளையின் சாதிச் சான்றிதழ் எல்லாம் அந்தக் கம்ப்யூட்டரின் 'டவுன்லோட்ஸ்' பகுதியில் வரிசையாக விழும். பிரின்ட் எடுத்து, காசு வாங்கி, அடுத்தவரைக் கூப்பிடுவார்கள். நம் ஃபைல் அங்கேயே கிடக்கும். கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். மாலையில் அதே கம்ப்யூட்டரில் யார் உட்காருகிறார் என்பது அவருக்கே தெரியாது. பிரின்ட் வந்ததும் 'அண்ணே, அதை டெலீட் பண்ணிடுங்க, ரீசைக்கிள் பின்லயும் எடுத்துடுங்க' என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. அங்கே உங்கள் கணக்கில் வாட்ஸ்அப் வெப் திறந்திருந்தால் வீட்டுக்கு வந்தும் சரிபார்க்கலாம். போனில் 'லிங்க்டு டிவைசஸ்' பகுதியைத் திறந்தால் உங்கள் கணக்கு எங்கெல்லாம் திறந்து கிடக்கிறது என்று காட்டும்.

★ இணையத்தில் இறக்கும் இ-ஆதார் பி.டி.எஃப்-க்குப் பாஸ்வேர்டு இருப்பதால் பத்திரம் என்று நினைக்கிறோம். அந்தப் பாஸ்வேர்டு, உங்கள் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள், பிறகு நீங்கள் பிறந்த ஆண்டு. எல்லோருக்கும் இதே முறைதான். பெயர் ஃபேஸ்புக்கில் இருக்கிறது. ஐம்பதாவது பிறந்தநாள் வாழ்த்துப் படத்தை மருமகன் போட்டிருந்தால் ஆண்டும் இருக்கிறது.

ஆதார் தளத்திலேயே 'மாஸ்க்டு ஆதார்' என்று ஒன்று கிடைக்கும். 12 இலக்கங்களில் கடைசி நான்கு மட்டும் தெரியும். லாட்ஜுக்கும் வாடகை வீட்டுக்காரருக்கும் அதைக் கொடுத்துப் பாருங்கள். முழு எண்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், எதற்கு என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

★ 2014-ல் ஜெர்மனியின் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் உர்சுலா வான் டெர் லேயனின் கைரேகையை, பத்திரிகையாளர் சந்திப்பில் எடுத்த புகைப்படங்களிலிருந்தே மீட்டுவிட்டதாக யான் கிரிஸ்லர் என்ற ஆய்வாளர் ஹாம்பர்க் மாநாட்டில் செய்துகாட்டினார். பாஸ்வேர்டு திருடுபோனால் மாற்றலாம். விரலை மாற்ற முடியாது.

நம் ஊருக்கு அவ்வளவு நுட்பமான கேமரா தேவைப்படவில்லை. 2018-ல் தெலங்கானாவில் சிம் கார்டு விற்கும் ஒருவர் பத்திரப் பதிவுத் துறையின் இணையதளத்திலிருந்து நில ஆவணங்களை இறக்கினார். அவற்றில் விற்றவர், வாங்கியவர் கைரேகையும் ஆதார் எண்ணும் இருந்தன. ரேகையை ரப்பர் முத்திரை போல வார்த்தெடுத்து, அறியாதவர்கள் பெயரில் ஆயிரக்கணக்கில் சிம் கார்டுகளை உயிர்ப்பித்தார். பிறகு பல மாநிலங்களில் இதே வழியில் வங்கிக் கணக்கிலிருந்தே பணம் போனது. ஆதார் வழியாகப் பணம் எடுக்கும் வசதி ஒன்று உண்டு; ஆதார் எண், வங்கியின் பெயர், விரல் ரேகை மூன்றும் இருந்தால் சிறு முகவரின் கருவியிலேயே எடுக்கலாம். ஓ.டி.பி. கேட்காது. கிராமத்து முதியவருக்கு ஊரைத் தாண்டாமல் பென்ஷன் கிடைக்க வந்த நல்ல ஏற்பாடு. திருடனுக்கும் அதே கதவு திறந்தது.

இதற்குப் பூட்டு இருக்கிறது. எம்-ஆதார் செயலியிலோ ஆதார் தளத்திலோ 'பயோமெட்ரிக் லாக்' போட்டுவிட்டால் உங்கள் ரேகையை யார் வைத்தாலும் ஏற்காது. ரேஷன் கடையில் கைநாட்டு வைக்கும் முன் சிறிது நேரத்துக்குத் திறந்துகொண்டால் போதும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்து கொடுங்கள்.

★ உடற்பயிற்சி செயலியான ஸ்ட்ராவா, தன் பயனாளர்கள் ஓடிய பாதைகளை எல்லாம் சேர்த்து 2017 நவம்பரில் ஓர் உலக வரைபடம் வெளியிட்டது. யார் பெயரும் அதில் இல்லை. இரண்டு மாதம் கழித்து ஆஸ்திரேலிய மாணவர் நேதன் ரூசர் சிரியா, ஆப்கானிஸ்தான் பகுதிகளை உற்றுப் பார்த்தார். ஆள் நடமாட்டம் இல்லாத இருளில் சில இடங்கள் மட்டும் ஒளிர்ந்தன. ராணுவ முகாம்களின் சுற்றுச்சுவரை ஒட்டிச் சிப்பாய்கள் காலையில் ஓடிய தடம் அது.

★ பெயரை எடுத்துவிட்டால் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது என்பது நிறுவனங்கள் சொல்லும் சமாதானம். 15 லட்சம் பேரின் 15 மாத செல்போன் இருப்பிடத் தரவை ஆராய்ந்து 2013-ல் வெளியான ஆய்வு, எந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்ற நான்கே புள்ளிகள் தெரிந்தால் 95 சதவீதம் பேரைத் தனியே பிரித்துவிடலாம் என்று காட்டியது. வீடு, அலுவலகம், பிள்ளையின் பள்ளி, வெள்ளிக்கிழமை போகும் கோயில். நான்கு ஆகிவிட்டது.

★ ஆன்டி-வைரஸ் நிறுவனம் தொடங்கிய ஜான் மெக்காஃபி, 2012-ல் பெலிஸ் நாட்டுப் போலீஸின் விசாரணைக்குத் தப்பி ஒளிந்திருந்தார். கூடவே போன பத்திரிகையாளர்கள் அவருடன் எடுத்த ஐபோன் படம் ஒன்றை இணையத்தில் போட்டார்கள். படக்கோப்புக்குள் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை அப்படியே இருந்தன. அவர் குவாதமாலாவில் இருப்பது ஊருக்கே தெரிந்தது. சில நாட்களில் கைதானார். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இந்த விவரம் நீங்கிவிடும். தெளிவு குறையக் கூடாது என்று 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் கூடவே போகும். கேமரா செட்டிங்கில் 'லொகேஷன்' என்பதை அணைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

★ விமானப் பயண போர்டிங் பாஸைப் படம் பிடித்துப் போட்ட முன்னாள் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட்டின் பாஸ்போர்ட் எண்ணும் போன் நம்பரும் 2020-ல் ஒருவருக்குக் கிடைத்தன. படத்தில் தெரிந்த முன்பதிவுக் குறியீட்டை விமான நிறுவனத் தளத்தில் போட்டு, வந்த பக்கத்தின் மூலக் குறியீட்டைப் பார்த்தார், அவ்வளவே. நல்லவேளையாக, கண்டவர் அதை உரியவர்களிடமே தெரிவித்தார்.

★ 2008 அமெரிக்கத் தேர்தலில் துணை அதிபர் வேட்பாளராக நின்ற சாரா பேலினின் யாகூ மின்னஞ்சலைத் திறந்தவர் ஒரு கல்லூரி மாணவர். பாஸ்வேர்டை மறந்துவிட்டேன் என்று சொல்லி, பிறந்த தேதி, அஞ்சல் குறியீடு, கணவரை முதலில் சந்தித்த இடம் ஆகிய கேள்விகளுக்கு இணையத்தில் தேடிப் பதில் கொடுத்தார். நம் வங்கிகளும் மின்னஞ்சல்களும் கேட்ட கேள்விகளை நினைத்துப் பாருங்கள்: முதலில் படித்த பள்ளி, அம்மாவின் பெயர், பிடித்த ஊர். பள்ளி நண்பர்கள் குழுவும், அம்மாவின் நினைவஞ்சலிப் பதிவும் எல்லாவற்றுக்கும் விடை சொல்லிவிடும். பாதுகாப்புக் கேள்விக்கு உண்மையான பதில்தான் தர வேண்டும் என்று சட்டம் இல்லை. நீங்கள் மறக்காத பொய்யாக இருந்தால் போதும்.

★ 'இன்காக்னிடோ' சன்னல் உங்கள் கம்ப்யூட்டரில் தடம் விடாது. ஆனால் நீங்கள் போன தளத்துக்கும் இணைய இணைப்புத் தருபவருக்கும் நீங்கள் தெரிவீர்கள். இதுபற்றிய வழக்கைச் சமரசமாக முடிக்க, கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க கூகுள் 2024-ல் ஒப்புக்கொண்டது.

★ படத்தில் உள்ள எண்ணை மறைக்கப் போனில் உள்ள கறுப்பு ஹைலைட்டர் பேனாவால் கிறுக்கி அனுப்புகிறோம். அந்தக் கறுப்பு முழுக் கறுப்பு அல்ல. வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் உள்ள எண் தெரியக்கூடும். கட்டம் போட்டு முழுதாக நிரப்புங்கள், அல்லது அந்தப் பகுதியை வெட்டிவிடுங்கள். கூகுள் பிக்சல் போன்களில் வெட்டிய ஸ்கிரீன்ஷாட்டைக்கூட ஓரளவு மீட்க முடிந்த ஓட்டை 2023-ல்தான் வெளிவந்து அடைக்கப்பட்டது.

★ பிள்ளையின் முதல் நாள் பள்ளிப் படம். சீருடை, கழுத்தில் அடையாள அட்டை, பின்னால் வேன் நம்பர், கீழே 'எங்கள் செல்லத்துக்கு இன்று வகுப்பு 1-பி' என்ற வரி. அன்பில் போட்டதுதான். ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் அந்தக் குழந்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிட, வகுப்பைச் சொல்லி நம்பவைக்க, வேண்டியதெல்லாம் அந்த ஒரே படத்தில் இருக்கிறது. பிரான்ஸில் 2024 பிப்ரவரியில் வந்த சட்டம், குழந்தையின் உருவப்பட உரிமையைக் காப்பதும் பெற்றோரின் கடமை என்று சிவில் சட்டத் தொகுப்பிலேயே சேர்த்தது. நம் நாட்டின் 2023 தனிநபர் தரவுச் சட்டம் 18 வயது வரை குழந்தை என்கிறது. பெற்றோரின் சம்மதம் இல்லாமல் குழந்தைகளின் விவரத்தை நிறுவனங்கள் கையாளக் கூடாது என்கிறது. பெற்றோரே ஊருக்குக் காட்டுவதைப் பற்றி அந்தச் சட்டம் பேசவில்லை. அதை வீட்டில்தான் பேச வேண்டும். பத்து வயதுப் பிள்ளை 'அந்தப் போட்டோவை எடுத்துடும்மா' என்றால் எடுத்துவிடுங்கள். அது அவளுடைய முகம்.

★ ஒரு பெண்ணின் இணையப் பயன்பாட்டையோ மின்னஞ்சலையோ ஓர் ஆண் கண்காணிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 78-ஆம் பிரிவின்படி பின்தொடர்தல் குற்றம். முதல் முறைக்கு மூன்று ஆண்டு வரை சிறை. கணவனுக்கோ காதலனுக்கோ அந்தப் பிரிவில் தனி விலக்கு எழுதப்படவில்லை. மனைவியின் போனில் ரகசியமாக உளவுச் செயலி போடுவதை 'அக்கறை' என்று சொல்பவர்கள் இதைப் படிக்கட்டும்.

★ தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆம் பிரிவில் நாட்டிலேயே முதல் தண்டனை கிடைத்தது சென்னை எழும்பூர் நீதிமன்றத்தில், 2004 நவம்பர் 5 அன்று. விவாகரத்தான ஒரு பெண்ணின் பெயரில் போலி மின்னஞ்சல் தொடங்கி, யாகூ குழுவில் ஆபாசமாக எழுதி, அவர் போன் நம்பரையும் போட்டார் ஒருவர். தெரியாத ஆண்களின் அழைப்புகள் வந்துகொண்டே இருந்தன. செய்தவர் முன்பின் அறியாதவர் அல்ல. குடும்பத்துக்குப் பழகியவர், மணக்கக் கேட்டு மறுக்கப்பட்டவர். அந்தப் பெண் துணிந்து புகார் கொடுத்தார், சாட்சி சொன்னார். வழக்குப் பதிவான சில மாதங்களிலேயே தீர்ப்பு வந்தது.

★ அந்தரங்கப் படத்தை வெளியிடுவேன் என்று யாராவது மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தால் மறுபடி கேட்பார்கள். 'ஸ்டாப் என்.சி.ஐ.ஐ.' என்ற இலவசச் சேவை 2021 முதல் உள்ளது. உங்கள் படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாமல், அதன் எண் வடிவக் கைரேகை மட்டும் உருவாக்கப்பட்டு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களுக்குப் போகும். அதே படத்தை யாராவது ஏற்றினால் அவை அடையாளம் கண்டு தடுக்கும். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 'டேக் இட் டவுன்' என்ற தனிச் சேவை இருக்கிறது. மிரட்டல் செய்திகளை ஆத்திரத்தில் அழித்துவிடாதீர்கள். தேதியும் கணக்கின் முகவரியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930-ஐ அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் வீட்டிலிருந்தே புகார் பதியலாம். பெண்கள், குழந்தைகள் தொடர்பான ஆபாசப் படப் புகார்களைப் பெயரைச் சொல்லாமலும் பதிய அங்கே வழி உண்டு.