அம்மா ஓட்டிய வண்டி

ஸ்டேஷன் வேகன் என்று ஒரு வண்டி. ஐரோப்பாவில் இன்றும் சௌக்கியமாகவே இருக்கிறது. ஆனால் அது ராஜபோகமாக வாழ்ந்த அமெரிக்காவில் இப்போது அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நம் நாட்டிலோ, அது வந்ததும் பலருக்குத் தெரியாது, போனதும் தெரியாது.

பார்த்திராதவர்களுக்கு அடையாளம் சொல்லி விடுகிறேன். சாதாரண மோட்டார் காரின் கூரை பின் ஸீட்டோடு முடிந்துவிடும். அதற்குப் பின்னால் டிக்கி தனியாக நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கூரையை அப்படியே வண்டியின் கடைசி வரைக்கும் இழுத்துக்கொண்டு போய், முடிகிற இடத்தில் ஒரு கதவையும் வைத்துவிட்டால் அதுதான் ஸ்டேஷன் வேகன். ஸீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவே சுவர் கிடையாது. பின் ஸீட்டை மடக்கிவிட்டால் ஒரு சின்ன அறையே கிடைத்துவிடும். தையல் மிஷின் ஏறும், குழந்தையின் தொட்டில் ஏறும், கல்யாணத்துக்குப் போகிற பட்சண டின்கள் அத்தனையும் ஏறும்.

இத்தனை உபயோகமுள்ள வண்டிக்கு ஏன் மவுசு போயிற்று? எந்திரத்தில் கோளாறா? அதுதான் இல்லை. பாதிக் காரணம் அதை ஓட்டியவர் யார் என்பதில் இருக்கிறது. மீதிக் காரணம் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

மரத்தால் ஆன உடம்பு

ரயிலை விட்டு இறங்குகிற பிரயாணிகளையும் அவர்களுடைய பெட்டி படுக்கைகளையும் ஏற்றிக்கொண்டுபோய் ஹோட்டலிலும் பங்களாவிலும் சேர்ப்பதுதான் இதன் பூர்வாசிரமத் தொழில். அதனால்தான் பெயரிலேயே ஸ்டேஷன் ஒட்டிக்கொண்டது. (வேகனும் நம்முடைய வாகனமும் ஒரே வேரிலிருந்து கிளைத்த தூரத்து உறவு என்கிறார்கள் மொழி ஆராய்ச்சிக்காரர்கள்.) இங்கிலாந்தில் நிலபுலன் உள்ள சீமான்கள் இதைத் தங்கள் பண்ணைகளில் வைத்துக்கொண்டதால் அங்கே இதற்கு எஸ்டேட் கார் என்று பெயர்.

ஆரம்பத்தில் கார்க் கம்பெனி எஞ்சினையும் சக்கரத்தையும் மட்டும் கொடுக்கும். மேலே தச்சர்கள் மரத்தால் உடம்பு கட்டுவார்கள். கம்பெனியே உடம்பும் சேர்த்து விற்ற முதல் ஸ்டேஷன் வேகன் 1923-ல் வந்த 'ஸ்டார்' கார் என்று சொல்வார்கள். 1929-ல் ஃபோர்டு கம்பெனி தன் மாடல் ஏ காரில் இதைப் பெரிய அளவில் செய்ய ஆரம்பித்தது. அதற்கென்று மிச்சிகன் மாகாணத்தில் அயர்ன் மவுண்டன் என்ற ஊரில் ஃபோர்டுக்குச் சொந்தமாக மர ஆலை இருந்தது. மரம் வெட்டுகிற காடும் சொந்தம்!

மர வண்டி பார்ப்பதற்கு அழகுதான். ஆனால் வைத்துக் காப்பாற்றுவது பிரம்மப் பிரயத்தனம். மழையில் ஊறும், வெயிலில் வெடிக்கும், போகப்போக மூட்டுக்கு மூட்டு கிறீச்சிடும். பளபளப்புப் போகாமல் இருக்க அடிக்கடி வார்னிஷ் அடித்தாக வேண்டும். வேலைக்காரர்களை வைத்துக்கொள்ளக் கூடியவர்கள்தான் இதைக் கட்டிக்கொண்டு மாரடிக்க முடியும். நடுத்தரக் குடும்பம் எட்டிப் பார்க்கவில்லை.

அடுக்களையிலிருந்து சாலைக்கு

இரண்டாவது உலக யுத்தம் முடிந்ததும் காட்சி மாறியது. 1946-ல் வில்லிஸ் கம்பெனி, ஜீப் வண்டியை ஒட்டி முழுக்க எஃகினால் ஆன ஸ்டேஷன் வேகனைக் கொண்டுவந்தது. 1949-ல் பிளிமத் கம்பெனியும் அப்படியே செய்தது. வார்னிஷ் தொல்லை ஒழிந்தது. அழுக்கானால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டால் போதும்.

அதே சமயத்தில் யுத்தத்திலிருந்து திரும்பிய வாலிபர்கள் கல்யாணம் செய்துகொண்டார்கள். வீட்டுக்கு வீடு தொட்டில் ஆடியது. நகரத்துக்கு வெளியே புதுப்புதுக் குடியிருப்புகள் எழும்பின. நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் 1947-ல் கட்டத் தொடங்கிய லெவிட்டவுன் அவற்றில் பேர்போனது. ஒரே மாதிரி வீடுகள், முன்னால் புல்தரை, ஏராளமான காற்று. ஆனால் நடந்துபோகிற தூரத்தில் பெரிதாக ஒன்றும் கிடையாது. புருஷன் காலையில் நகரத்துக்கு உத்தியோகத்துக்குப் போய்விடுவான். பள்ளிக்கூடம், டாக்டர், கறிகாய்க் கடை, பையனின் பந்தாட்டம், பெண்ணின் பியானோ வகுப்பு, சாயங்காலம் ரயிலில் வந்து இறங்குகிற புருஷன் - இத்தனை பேரையும் இத்தனை இடங்களுக்கும் கொண்டு சேர்ப்பது யார்? வேறு யார், வீட்டு அம்மாள்தான்!

இப்படித்தான் ஸ்டேஷன் வேகன் அம்மாவின் வண்டி ஆயிற்று. கம்பெனிகளும் அவள் மனத்தைக் குளிர வைக்க ஒருவரோடொருவர் போட்டி போட்டார்கள். கடைசி ஸீட்டைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டார்கள். குழந்தைகள் அதில் உட்கார்ந்து பின்னால் வருகிற வண்டிக்காரருக்கெல்லாம் கை காட்டிக்கொண்டே போகும். 1964-ல் ஓல்ட்ஸ்மொபில் கம்பெனி கூரையிலேயே கண்ணாடி பதித்தது. 1966-ல் ஃபோர்டின் பின்கதவு இரண்டு விதமாகத் திறந்தது: சாமான் ஏற்றும்போது பலகைபோல் கீழே சாயும், ஆள் ஏறும்போது சாதாரணக் கதவாகப் பக்கவாட்டில் திறக்கும். ஒரு கையில் குழந்தையும் மறு கையில் பையுமாக நின்று பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

வேடிக்கை ஒன்று. ஃபோர்டின் 'கன்ட்ரி ஸ்கொயர்' என்ற பேர்போன வண்டியில் மர உடம்பு போய் எஃகு வந்த பிறகும் மரத்தின் மேல் இருந்த ஆசை போகவில்லை. மரம்போல் அச்சடித்த தாளை எஃகின் மேல் ஒட்டி விற்றார்கள்! வாழையிலை மாதிரி அச்சடித்த பிளாஸ்டிக் தட்டில் சாப்பிடுகிறோமே, அந்த ரகம்.

காரா, லாரியா?

1973-ல் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தது. நீளமும் கனமுமான ஸ்டேஷன் வேகன்கள் பெட்ரோலை மடமடவென்று குடிப்பவை. அமெரிக்க அரசாங்கம் 1975-ல் ஒரு சட்டம் செய்தது. ஒரு கம்பெனி விற்கும் கார்கள் எல்லாம் சேர்ந்து சராசரியாக ஒரு காலன் பெட்ரோலுக்கு இத்தனை மைல் ஓட வேண்டும் என்பது நிபந்தனை. நல்ல சட்டம்தான். ஆனால் கார்களுக்கு ஒரு கணக்கு, சிறு லாரிகளுக்கு அதைவிட லேசான ஒரு கணக்கு என்று வைத்தார்கள். 1990-களின் பிற்பகுதியில் காருக்கு 27.5 மைல், லாரிக்கு 20.7 மைல்தான். விவசாயியும் கொத்தனாரும் கஷ்டப்படக் கூடாது என்பது எண்ணம்.

அந்தச் சந்து வழியாகப் புகுந்தது மினிவேன். 1983 நவம்பரில் கிரைஸ்லர் கம்பெனி அதை வெளியிட்டது. தாழ்வான தரை, தள்ளித் திறக்கும் கதவு, ஏழு பேர் உட்கார இடம், ஆனாலும் வீட்டுக் கொட்டகையில் அடங்கிவிடும். பின் ஸீட்டுகளைக் கழற்றிவிட்டால் சமதளமாகச் சாமான் ஏற்றலாம். ஆகவே சட்டத்தின் கண்ணுக்கு அது லாரி! பின் ஸீட்டை மடக்கி அதே சாமானை ஏற்றிய ஸ்டேஷன் வேகனோ கார்! ஒரே குடும்பம், ஒரே சாமான், இரண்டு கணக்கு. திவாலாகும் நிலையிலிருந்து அரசாங்க ஜாமீனில் கடன் வாங்கிப் பிழைத்த கிரைஸ்லரை இந்த மினிவேன் தூக்கி நிறுத்தியது.

அடுத்து வந்தது ஜீப் ஜாதி. 1984-ன் ஜீப் செரோக்கியும் 1990-ல் வந்த ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரும் காடு மலையெல்லாம் ஏறும் தோரணையில் நின்றன. இவையும் சட்டப்படி லாரிகளே. கம்பெனிகளுக்கு லாபம், வாங்குகிறவருக்குக் கம்பீரம். 1991-ல் கன்ட்ரி ஸ்கொயர் நின்றது. 1996-ல் ஜெனரல் மோட்டார்ஸின் பெரிய ஸ்டேஷன் வேகன்களும் நின்றன.

சட்டத்தை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. பின்பக்கமாக உட்கார்ந்து கை காட்டிய குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களாகிவிட்டார்கள். 'அம்மா ஓட்டிய வண்டியையா நான் ஓட்டுவது?' என்று முகத்தைச் சுளித்தார்கள். மினிவேனுக்கும் பிறகு அதே கதிதான். 1996 ஜனாதிபதித் தேர்தலின்போது, பிள்ளைகளைப் பந்தாட்டத்துக்கு அழைத்துப்போகும் தாய்மார்களுக்கு 'ஸாக்கர் மாம்' என்று பத்திரிகைகள் பட்டம் சூட்டின. மினிவேனோடு அந்தப் பட்டமும் சேர்ந்து வந்தது. இளம் தாய்மார்கள் ஜீப் ஜாதிக்குத் தாவினார்கள். எந்த வண்டி குடும்பத்துக்கு மாடாய் உழைக்கிறதோ, அதற்கு அழகில்லை என்று பெயர் வந்துவிடுகிறது. வண்டிக்கு மட்டுந்தானா இந்த நியாயம் என்று வாசகிகள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

ஐரோப்பாவில் வேறு விதம்

ஐரோப்பாவில் சாலை குறுகல், பெட்ரோல் விலை அதிகம். ஆகவே காரின் உயரத்தையும் கனத்தையும் கூட்டாமல் இடத்தை மட்டும் கூட்டுகிற ஸ்டேஷன் வேகனுக்கு அங்கே மதிப்பு நீடித்தது. ஸ்வீடனின் வால்வோ கம்பெனி 1953-லிருந்தே இதில் பெயர் வாங்கியது. ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் பஸ்ஸாட் கார் 2023-ல் புதுப்பிக்கப்பட்டபோது, ஐரோப்பாவில் சாதாரண டிக்கி வைத்த மாதிரியையே கைவிட்டு ஸ்டேஷன் வேகனை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஆனாலும் ஜீப் மோகம் அங்கேயும் பரவித்தான் வருகிறது. ஜப்பானிய சுபாரு கம்பெனி 1990-களிலேயே தன் ஸ்டேஷன் வேகனைச் சற்று உயர்த்தி, ஜீப் வேஷம் போட்டு 'அவுட்பேக்' என்று அமெரிக்காவில் விற்றது. 2025-ல் காட்டிய புது அவுட்பேக்கில் வேஷமே நிஜமாகி, பெட்டிபோல் நிமிர்ந்து நிற்கிறது.

நம் வீட்டு வாசலில்

நம் நாட்டிலும் இந்த வண்டியை விற்றுப் பார்க்காமல் இல்லை. அம்பாஸடரில் எஸ்டேட் இருந்தது. 1992-ல் டாட்டா எஸ்டேட் வந்தது. பிறகு மாருதியின் பலேனோ ஆல்ட்டுரா, 2004-ல் டாட்டா இண்டிகோ மரீனா. ஒன்றும் நிலைக்கவில்லை. நமக்குக் கார் என்றால் டிக்கி தனியாக நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், அதுதான் அந்தஸ்து. கூரை கடைசி வரை போனால் ஆம்புலன்ஸ் ஞாபகம் வந்துவிடுகிறது!

இங்கேயும் சட்டம் ஒரு கை பார்த்தது. 2006-ம் வருஷத்து பட்ஜெட்டில், நாலு மீட்டர் நீளத்துக்கு மேற்படாத, எஞ்சினும் சிறியதான கார்களுக்கு எக்ஸைஸ் வரியை 24 சதவிகிதத்திலிருந்து 16 சதவிகிதமாகக் குறைத்தார்கள். உடனே கம்பெனிகள் அளவு நாடாவும் கத்தரிக்கோலுமாகக் கிளம்பின. 2008-ல் டாட்டா தன் இண்டிகோ காரின் வாலை நறுக்கி நாலு மீட்டருக்குள் அடக்கியது. ஸ்டேஷன் வேகனுக்கு வால்தானே உயிர்! 2025 செப்டம்பர் 22 முதல் அமலுக்கு வந்த ஜி.எஸ்.டி. மாற்றத்திலும் பெட்ரோல், டீசல் வண்டிகளில் இதே நாலு மீட்டர்க் கோடுதான். கோட்டுக்குள் சிறிய எஞ்சினோடு இருந்தால் 18 சதவிகிதம், தாண்டினால் 40.

பெரிய குடும்பம் என்ன செய்தது? 2000-ல் வந்த குவாலிஸிலும் 2005-ல் வந்த இன்னோவாவிலும் ஏறி, குலதெய்வம் கோயிலுக்குப் போயிற்று. சிறிய குடும்பம், பெயரில் மட்டும் வேகனை வைத்துக்கொண்ட மாருதி வேகன் ஆரில் ஏறிக்கொண்டது. பெயருக்குத்தான் வேகன், வால் கிடையாது. இருந்தாலும், குனியாமல் ஏறி இறங்கலாம் என்பதால் பாட்டிமார்களுக்கு அதைப் பிடித்துவிட்டது.

உயரத்தில் என்ன இருக்கிறது?

இப்போது இங்கேயும் ஜீப் ஜாதியின் காலம். உயரமாக உட்கார்ந்து ஓட்டினால் தைரியமாக இருக்கிறது என்று பெண்மணிகள் பலர் சொல்கிறார்கள். பள்ளமும் மேடுமான நம் சாலைகளுக்கு அது சௌகரியம் என்பதும் வாஸ்தவம்தான். ஆனால் உயரத்துக்கு ஒரு விலை உண்டு. அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் நடத்தும் சாலைப் பாதுகாப்பு நிலையம் 2023-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டது. முன்மூக்கு 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டி மோதினால், 30 அங்குலத்துக்குள் தாழ்ந்து சரிந்த மூக்குள்ள வண்டியைவிடப் பாதசாரி இறக்கும் அபாயம் சுமார் 45 சதவிகிதம் அதிகம் என்று கண்டார்கள். 40 அங்குலம் என்பது ஏறக்குறைய நாலு வயதுக் குழந்தையின் உயரம். வாசலில் வண்டியை எடுக்கும்போது, முன்னால் நிற்கும் குழந்தை தெரியுமா, தெரியாதா என்பதே இதில் அடங்கியிருக்கிறது.

ஸ்டேஷன் வேகனும் குற்றமற்றதல்ல. பின்னால் வைத்த சாமானுக்கும் முன்னால் இருக்கும் தலைக்கும் நடுவே சுவர் இல்லை; வலை கட்டாவிட்டால் பிரேக் போடும்போது டின் பறந்து வரும். குழந்தைகள் கை காட்டிய அந்தக் கடைசி ஸீட், பின்னாலிருந்து இடிக்கிற வண்டிக்கு நேர் எதிரே இருந்தது.

ஆகவே எந்த ஜாதி வண்டி உசத்தி என்று தீர்ப்புச் சொல்ல வரவில்லை. கார் வாங்கப் போகும்போது கடைக்காரர் காட்டுகிற விளம்பரப் படத்தில் மலைச்சிகரம் இருக்கும். நாம் போவது மார்க்கெட்டுக்கு. முழங்கால் வலியுள்ள மாமியாரை அழைத்துப் போய் ஏற்றி இறக்கிப் பாருங்கள். மடக்கிய குழந்தை வண்டியையும் ஓர் அரிசி மூட்டையையும் நீங்களே தூக்கிப் பின்னால் வைத்துப் பாருங்கள். ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து, முன்மூக்கிலிருந்து எத்தனை அடி தள்ளி நின்றால் நாலு வயதுக் குழந்தை கண்ணுக்குத் தெரிகிறது என்று கவனியுங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். தினமும் ஏற்றி இறக்கப் போகிறவர் அவரில்லையே!